பின்னாலேயே வந்த வீடு

பாசியைப் பற்றிப் படிக்க ஒருத்தி கடல் தாண்டிப் போகிறாள் என்பதைக் கோவில்பட்டியில் அந்தத் தெருவில் யாரும் நம்பவில்லை, அவள் தாவரவியல் நடத்துகிற பெண்கள் கல்லூரியிலும் யாரும் நம்பவில்லை, விசா கொடுத்த அதிகாரிகூட "பாசியா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்தினார், மாமியார் பிச்சம்மாளோ பெட்டியைக் காரில் ஏற்றுகிறவரைக்கும் "நம்ம கெணத்துல கெடக்குற பாசியப் பாக்காம அங்க போயி என்னத்தளா பாக்கப்போற" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், இருந்தும் ஆவுடையம்மாள் போய்விட்டாள்.

நாற்பத்து நாலு வயதில் முதல்முறையாக விமானம் ஏறி, ஐரோப்பாவின் வடக்கு ஓரத்தில், ஏரிகளுக்கு நடுவே கொஞ்சம் நிலமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்ததுபோல் இருந்த சூர்லா என்கிற ஊரில் போய் இறங்கினாள். அங்கே இருந்த பல்கலைக்கழகம் மிகச் சிறியது. காலையில் வாசற்கதவைத் துணைவேந்தரே வந்து திறப்பார், நூலகரும் சமையல்காரரும் ஒரே ஆள்தான், அதனால் புத்தகத்தில் குழம்பு வாசம் அடித்தால் யாரைக் கேட்பது என்கிற குழப்பம் அங்கே கிடையாது. வருஷா வருஷம் கோடையில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஒரு டஜன் பாசிப் பைத்தியங்களை வரவழைத்து, ஒரு மாதம் சோறு போட்டு, பாறையிலும் மரத்திலும் சுவரிலும் பச்சைப் பட்டுபோல் படர்கிற பாசிகளைப் பற்றிப் பாடம் நடத்தி, கடைசியில் ஆளுக்கொரு ஆய்வை வாசிக்கச் சொல்லி, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது அந்தப் பல்கலைக்கழகத்தின் பழக்கம்.

ஆவுடையம்மாளுக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஏரியைப் பார்த்த ஒரு ஜன்னல், கானா நாட்டிலிருந்து வந்த எஃபுவா என்கிற அறைத்தோழி எல்லாம் கிடைத்தன. பசித்தபோது சாப்பிட்டாள், வாசித்துக்கொண்டே தூங்கிப்போனாள், எழுந்தபோதும் புத்தகம் அதே பக்கத்தில் திறந்து கிடந்தது. முதல் சில நாட்கள் அவளுக்குக் காது வலித்தது. யாரும் கூப்பிடாத காது அப்படித்தான் வலிக்கும்போலிருக்கிறது என்று எஃபுவாவிடம் சொன்னாள். வலி நின்றதற்கு மறுநாள் காலையில் அவளுடைய வீடு வந்து சேர்ந்தது.

வகுப்புக்குப் போகிற வழியில் புல்வெளியில் அது நின்றுகொண்டிருந்தது. வெள்ளையடித்த அதே சுவர், பச்சைக் கம்பிக் கதவு, மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி, வாசல் நிலையில் மஞ்சள், எல்லாம் அப்படியே. அஸ்திவாரத்தைச் சுற்றிக் கரிசல் மண் அப்பியிருந்தது, அதன்மேல் கடல்பாசி கொஞ்சம் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது, துணி காயப்போடும் கொடியில் வழியில் எந்த ஊரிலோ சிக்கிக்கொண்ட யாருடைய சிவப்புச் சட்டையோ ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய கணவர் சிதம்பரநாதன், கோவில்பட்டியில் ஒரு வங்கியில் காசாளர், படியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எப்படி வந்தீங்க?"

"நாங்க எங்க வந்தோம்? வீடு வந்துச்சு" என்றார், வாயில் நுரையோடு. "லேசா ஆடுன மாதிரி இருந்துச்சு. ராஜபாளையம் பஸ்ல போற மாதிரி நல்ல தூக்கம். சரி, டீத்தூள் எங்க வச்சிருக்க?"

டீத்தூளை எடுத்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். வலது காலை நிலைக்கு உள்ளே வைத்தாள். வைத்ததும் வீடு சிலிர்த்தது. அலமாரியில் டம்ளர்கள் கலகலத்தன, அஸ்திவாரம் புல்லிலிருந்து ஒரு முழம் எழும்பியது, மொத்த வீடும் உறக்கம் கலைந்த எருமைபோல் மெல்லத் தெற்குப் பக்கம் முகத்தைத் திருப்பியது. அவள் காலை வெளியே எடுத்தாள். வீடு பெருமூச்சு விட்டபடி மறுபடியும் உட்கார்ந்தது.

"நான் உள்ள வந்தா இது கெளம்பிரும்" என்றாள்.

"கெளம்பட்டுமே. அதுக்குத்தான வந்திருக்கு."

"எனக்குப் படிப்பு முடியலையே."

"பாசிதான" என்றார் சிதம்பரநாதன்.

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாயைக் கொப்பளிக்கிற அவசரத்தில் சொன்னார். ஆனால் ஆவுடையம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு, டீத்தூள் இரண்டாம் தட்டில் மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வகுப்புக்குப் போனாள்.

சூர்லா ஊர் அந்த வீட்டை ஏற்றுக்கொண்ட விதத்தில் பெரிய பதற்றம் எதுவும் இல்லை. காவலாளி முதலில் வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கான சீட்டு ஒன்றை எழுதி ஜன்னல் கம்பியில் செருகினார். பதிவாளர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது மாணவரா, மாணவரின் குடும்பத்தாரா, மாணவரின் சாமானா என்று யோசித்தார். சாமான் என்று முடிவு செய்தால் எடை கூடுதல் என்று வரும், ஆகவே விருந்தினர் என்று முடிவு செய்து, கழுத்தில் மாட்டுகிற அட்டை ஒன்றைக் கதவின் கொண்டியில் தொங்கவிட்டார். துணைவேந்தர், பல்கலைக்கழகத்தின் கட்டடங்களின் எண்ணிக்கை ஒன்று கூடியிருப்பதாக அந்த வருஷ அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் வந்து அளந்து பார்த்து, பூஜை அறைக்கு ஜன்னல் இல்லாததையும் குளியலறைக்கு மூன்று ஜன்னல் இருப்பதையும் குறித்துக்கொண்டு, அதில் ஏதோ தத்துவம் இருப்பதாகப் பேசிக்கொண்டு போனார்கள். தத்துவம் எதுவும் இல்லை, கொத்தனார் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்.

வீடு ஊரைவிட்டு வந்துவிட்டாலும் ஊர் வீட்டை விடவில்லை. கோவில்பட்டியில் கரண்ட் போனால் அங்கேயும் மின்விசிறி நின்றது. கோவில்பட்டியில் தண்ணீர் விடுகிற நாளில்தான் அங்கேயும் குழாயில் தண்ணீர் வந்தது. அன்றைக்குப் பிச்சம்மாள் இருக்கிற குடம், அண்டா, வாளி, சொம்பு அத்தனையையும் வாசலில் வரிசையாக வைத்துப் பிடிப்பாள். நான்கு பக்கமும் ஏரி சூழ்ந்த அந்த ஊர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள், அது ஏதோ வழிபாடு என்று நினைத்து அடுத்த தடவை அவர்களும் ஆளுக்கொரு வாளியோடு வந்து மரியாதையாக வரிசையில் நின்றார்கள். "இங்கயும் தண்ணிக் கஷ்டந்தான் போலுக்கு, பாவம்" என்று பிச்சம்மாள் எல்லோருக்கும் ஒரு வாளி பிடித்துக் கொடுத்தாள்.

கோவில்பட்டியில் காலியான மனையை யாரும் வீணாக விடவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வற்றல் காயப்போட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் தன் வேனை நிறுத்தினார், ஒரு கட்சிக்காரர் கொடிக்கம்பம் நட இடம் பார்த்துவிட்டுப் போனார். வங்கியில் சிதம்பரநாதனின் லீவுக்குக் காரணம் "வீடு வெளியூர் போய்விட்டது" என்று போனில் சொல்லப்பட்டது. அதற்குத் தனி இனம் இல்லாததால் மேலாளர் அதைக் குடும்ப விசேஷத்தில் சேர்த்துக்கொண்டார். கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் மட்டும், "அம்மா, தீபாவளிக்கு நான் எந்த ஊருக்கு டிக்கெட் போடணும்? அத மட்டும் சொல்லு" என்று கேட்டாள்.

ஆவுடையம்மாளுடைய நாட்கள் இப்படிப் போயின. காலையில் வகுப்பு, மத்தியானம் காட்டுக்குள் பாசி தேடல், சாயங்காலம் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே புல்லில் நின்று உள்ளே இருப்பவர்களோடு பேச்சு. எஃபுவாவை வீடு கண்டுகொள்ளவில்லை. அவள் தன்பாட்டுக்கு உள்ளே போய், தன் ஊர்க் காரச்சோறு ஆக்கி வைத்துவிட்டு, வெளியே வந்து நிலவரம் சொல்வாள்.

"உன் கணவர் இன்று ரசம் வைத்தார். ரசத்துக்குப் புளி வேண்டுமாமே, அது ரசம் கொதித்து முடிந்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது."

"குடிச்சியா?"

"உன் மாமியார் குடிக்கவிடவில்லை."

சிதம்பரநாதன் லேசில் விடுகிற ஆள் இல்லை. முதலில் தலைவலி என்றார். பிறகு காய்ச்சல் என்றார், பிறகு பீரோ சாவியைக் காணோம் என்றார், கேஸ் அடுப்பில் ஏதோ வாசம் வருகிறது என்றார். அவருடைய அக்கா திருநெல்வேலியிலிருந்து போன் செய்து, வீடே தேடி வந்து நிற்கும்போது உள்ளே போகாத பெண்ணைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றாள். அது உண்மைதான், யாருமே பார்த்ததில்லை. ஆவுடையம்மாள் தலைவலிக்கு மாத்திரையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள், பீரோ சாவி இருக்கிற இடத்தைச் சொன்னாள், அடுப்பை எஃபுவாவை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கால் நிலைவரைக்கும் போய்த்தான் திரும்பியது, அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் மழை பெய்தது. குடை பிடித்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் பிச்சைக்காரிபோல் நின்றபோது உள்ளே குக்கர் விசில் அடித்தது. அந்தச் சத்தம் அவளை அப்படியே கையைப் பிடித்து இழுத்தது, ஈரச்செருப்பைக் கழற்றியேவிட்டாள்.

அப்போது சிதம்பரநாதன் ஜன்னலுக்கு வந்தார். இந்தத் தடவை எந்த நோயையும் சொல்லவில்லை.

"நீ இல்லாம இது நிக்கமாட்டேங்குது ஆவுடை. நீ கெளம்புன அன்னைக்கே ஹால் சுவத்துல விரிசல் விட்ருச்சு. ராத்திரியெல்லாம் கதவு ஜன்னலெல்லாம் முனங்குது. நான் என்ன செய்ய?"

"நிக்கமாட்டேங்குறது வீடா, நீங்களா?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டுந்தான்" என்றார்.

இருபது வருஷத்தில் அவர் சொன்ன நேர்மையான பதில் அது. அவள் கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளினாள். உள்ளே போயிருப்பாள். ஆனால் அவருக்குப் பின்னாலிருந்து பிச்சம்மாள் வந்து, மகனை முழங்கையால் நகர்த்திவிட்டு, ஜன்னலில் முகத்தை வைத்து ரகசியமாகச் சொன்னாள்.

"ஏளா, உள்ள வந்திராத. வந்தா வீடு கெளம்பிரும். எனக்கு வியாழக்கெழம குளியல் இருக்கு."

பிச்சம்மாளுக்கு அந்த ஊரில் சிநேகிதிகள் கிடைத்திருந்தார்கள். ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய நீராவிக் குளியல் அறை ஒன்று உண்டு, வியாழக்கிழமைதோறும் ஊரின் வயதான பெண்கள் அதற்குள் உட்கார்ந்து வேர்த்து வழிந்துவிட்டு, அப்படியே ஓடிப்போய் ஏரியில் குதிப்பார்கள். வாளி வரிசையில் பழக்கமான இரண்டு பேர் ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பிச்சம்மாள் சேலையோடு உள்ளே போய், சேலை எங்கே என்று தெரியாமல் வெளியே வந்து ஏரியில் விழுந்தாள், அன்றிலிருந்து அவளுடைய முட்டிவலி போன இடம் தெரியவில்லை. பாஷை ஒரு பிரச்சினையாக இல்லை. அவர்கள் தங்கள் மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள், இவள் தன் மருமகளைப் பற்றிப் பேசினாள், யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இதற்கிடையில் ஊருக்குள் ஒரு புதுப் பழக்கம் பரவியிருந்தது. சூர்லாவின் பெண்கள், கடைக்குப் போகிற சாக்கில், தெருமுனைவரை நடந்து போய்ச் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். அவரவர் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. சிலருக்கு நிம்மதியாக இருந்தது. சிலருக்குக் கோபம் வந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கிற ஒருத்தி மூன்றாவது ஊர்வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு, வீடு அசையவே இல்லை என்பது உறுதியானதும் திரும்பி வராமல் அங்கேயே வாடகைக்கு அறை எடுத்துக்கொண்டாள்.

ஆவுடையம்மாளுக்கு ஆய்வுக்குப் பொருள் கிடைக்காமல் இருந்தது. காட்டில் கிடைத்த பாசிகளையெல்லாம் பேராசிரியை ஹெல்மி, அறுபது வயது, கழுத்தில் எப்போதும் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தாலிபோல் தொங்கவிட்டிருப்பவர், பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாம் ஏற்கெனவே யாரோ எழுதி முடித்தவை. அந்த மழைக்குப் பிறகு ஒரு மத்தியானம், ஜன்னலடியில் பேசிக்கொண்டு நின்றபோதுதான் ஆவுடையம்மாள் வீட்டின் வடக்குச் சுவரைக் கவனித்தாள். கோவில்பட்டி வெயிலில் ஒருநாளும் ஈரம் கண்டிராத அந்தச் சுண்ணாம்புச் சுவர் ஏரிக்காற்றைக் குடித்துக் குடித்து, கீழ்ப்பாதி முழுக்கச் சன்னமான, செம்பு கலந்த பச்சையில், பூனைக்குட்டி முதுகுபோல் மிருதுவாக ஏதோ போர்த்தியிருந்தது.

ஹெல்மி வந்தார், குனிந்தார், மண்டி போட்டார், பிறகு புல்லிலேயே படுத்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

"இது யார்?" என்று கேட்டார், கடைசியில்.

"தெரியல."

"எனக்கும் தெரியவில்லை" என்றார் ஹெல்மி. முகம் கல்யாணப்பெண்ணின் முகம்போல் இருந்தது.

அதற்குப் பிறகு ஆவுடையம்மாளைப் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் கையில் சிறு கத்தியோடு தன் வீட்டுச் சுவரில்தான் கிடந்தாள். பொழுது விடிந்து பொழுது போனால் சுவர், நுண்ணோக்கி, சுவர். கரிசல் மண்ணின் உப்பும் கடல்நீரும் ஏரி ஈரமும் சேர்ந்து, இங்கேயும் இல்லாத அங்கேயும் இல்லாத ஒன்று, நடந்து வந்த வீட்டில் மட்டும் முளைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். "சுவத்தச் சொரண்டாதளா, வெள்ள அடிச்சு ரெண்டு வருசந்தான் ஆகுது" என்று உள்ளேயிருந்து பிச்சம்மாள் கத்தினாள். சிதம்பரநாதன் நாற்காலியை அந்த ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனைவி சுவரைப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை ஆசையாக அவள் எதையும் பார்த்து அவர் பார்த்ததில்லை. ஒருநாள் தானே வைத்த டீயை ஜன்னல் வழியாக நீட்டினார். "பாசி எப்படி இருக்கு?" என்று கேட்டார். டீ வாயில் வைக்க முடியாதபடி இருந்தது, அவள் முழுசாகக் குடித்தாள்.

ஆய்வு வாசிக்கிற நாளில் அரங்கம் நிறைந்தது, அரங்கம் சின்னது என்பதும் ஒரு காரணம். ஆவுடையம்மாள் புடவை கட்டிக்கொண்டு, வேர்க்காத கையைத் துடைத்துத் துடைத்து, அந்தப் பாசியின் இலையை, வேரில்லாத அதன் பிடியை, அது சுவரோடும் மண்ணோடும் சேர்த்துத் தைத்துக்கொள்கிற விதத்தைப் பற்றிப் பேசினாள். கடைசியில், உலகத்தில் இந்தப் பாசி இந்த ஒரு சுவரில்தான் இருக்கிறது, இடம் அசைந்தால் செத்துவிடும் என்றாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மறுநாளே பாதுகாப்பு அதிகாரிகள் நகரத்திலிருந்து வந்து, வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, மேற்படி வீடு மறு உத்தரவு வரும்வரை நகரக் கூடாது என்று அறிவிப்புப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள்.

புறப்படுகிற நாள் வந்தது. வழியனுப்ப ஊரே புல்வெளியில் கூடியிருந்தது. சிதம்பரநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கதவை அகலத் திறந்து பிடித்தபடி நின்றார்.

"படிப்பு முடிஞ்சுதுல்ல. ஏறு, போவம்."

"ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருக்குங்க. வீணாப் போயிரும்" என்றாள் ஆவுடையம்மாள்.

டிக்கெட்டை வீணாக்குவது என்பது அந்த வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் செய்திராத காரியம் என்பதால் அவர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். வீடு எம்பிப் பார்த்தது. அஸ்திவாரத்தைப் பாசி இறுக்கிப் பிடித்திருந்தது, கயிற்றுக்கு வெளியே அதிகாரி ஒருவர் விரலை ஆட்டி எச்சரித்தார், வீடு அடங்கிவிட்டது. பிச்சம்மாள் ஜன்னலிலிருந்து கையை வெளியே நீட்டி, ரொம்ப சந்தோஷமாக டாட்டா காட்டினாள்.

விமான நிலையத்துக்குப் போகிற பேருந்தில் எஃபுவா கேட்டாள்: "இப்படி ஆகும் என்று தெரிந்துதான் அதை எழுதினாயா?"

"எழுதுனது எல்லாம் உண்மை" என்றாள் ஆவுடையம்மாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று எஃபுவாவுக்குத் தெரியவில்லை.

கோவில்பட்டியில் மனை அப்படியேதான் கிடந்தது. வற்றலையும் வேனையும் எடுக்கச் சொன்னாள், கொடிக்கம்பம் நட வந்தவரைத் திருப்பி அனுப்பினாள். கல்லூரி விடுதியில் ஒரு அறை கேட்டு வாங்கிக்கொண்டாள். பிரின்சிபால் வருத்தமாகத் தலையாட்டினார், தெருவில் நாலு விதமாகப் பேசினார்கள், நாலும் பழசாகிப்போனது. தினமும் காலையில், கல்லூரிக்குப் போவதற்கு முன், பிளாஸ்க்கில் காபியோடு வந்து, எதிர்வீட்டில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியை மனையின் நட்ட நடுவில், சமையலறை இருந்த இடமாகப் பார்த்துப் போட்டு உட்காருவாள். அங்கே உட்கார்ந்தால் குருமலைப் பக்கம் வானம் தெரியும் என்பது இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரியாது. வெயில் ஏறுகிறவரைக்கும் காபி குடிப்பாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சில நாள் சிதம்பரநாதன் போன் பண்ணினார். ரசத்தில் புளி சரியாக விழுந்ததைச் சொன்னார், அங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டதைச் சொன்னார், அம்மா ஏரி உறைந்த பிறகும் ஓட்டை போட்டுக் குதிக்கிறாள் என்று புகார் சொன்னார். ஹெல்மி அந்தப் பாசியைச் சுவரோடு பெயர்த்து எடுத்துக் கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டாராம், அது அங்கேயும் பிழைத்துக்கொண்டதாம், கயிற்றை அவிழ்க்கப்போகிறார்களாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி முழுக்கப் பெய்த மழை விட்ட ஒரு காலையில், தெரு அதிர்ந்தது. ஆவுடையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வடக்குப் பக்கச் சுவரில் ஒரு பாதி இல்லாமல், அந்த ஓட்டையில் தார்பாய் கட்டி, மொட்டைமாடித் தொட்டியில் இன்னும் உருகாத பனியோடு, அவளுடைய வீடு தெருமுனையில் திரும்பியது. ஆட்டோ ஒன்றுக்கு ஒதுங்கி வழிவிட்டது. மின்கம்பியில் இடிக்காமல் குனிந்தது. மனைக்கு எதிரே வந்து, நடுவில் நாற்காலி கிடப்பதையும் அதில் அவள் உட்கார்ந்திருப்பதையும் பார்த்து, தெருவிலேயே நின்றுவிட்டது.

பின்னால் பால்வண்டி ஹாரன் அடித்தது. சிதம்பரநாதன் படியில் வந்து நின்றார், கையில் கரண்டி இருந்தது. பிச்சம்மாள்தான் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏளா, நகரு. எறக்கணும்ல."

ஆவுடையம்மாள் பிளாஸ்க்கின் மூடியில் மறுபடியும் காபி ஊற்றினாள். ஆவி பறந்தது.

"இருங்கத்த" என்றாள். "குடிச்சு முடிச்சிர்றேன்."

வீடு தெருவோரமாக ஒதுங்கி, ஈர மண்ணில் மெல்ல உட்கார்ந்தது.